பேரம் பேசாதவருக்கு விற்பதில்லை

“வியாழன். சோளகக் காற்று பலம். பலகை ஏறிற்று. எட்டடிக்கு நாலடி, மஞ்சளில் சிவப்பு எழுத்து. பஸ் நிலையத்தில் நின்றே வாசிக்கலாம். ஜெசிந்தா அன்ரி மடுவில்.”

ஓர் ஆவணி மாதத்து வியாழக்கிழமைக்குக் கீழே என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. ஆண்டும் இருக்கிறது. அதை இங்கே தரவில்லை. தந்தால் வாசகர்கள் தன் வயதைக் கணக்குப் பார்ப்பார்கள் என்று ஜெசிந்தா அன்ரி தடை போட்டிருக்கிறார். திகதி இல்லாமல் ஒரு வரியும் எழுதாதவன் என்று இந்தத் தொடரில் பெயர் வாங்கிய எனக்கு இது பெரிய தண்டனை.

குறிப்பில் எழுதாமல் விட்ட ஒன்றும் நினைவில் இருக்கிறது. பலகையை எழுதிக் கொண்டுவந்த அன்ரன் ஏணியில் நின்றபடி கடைசி ஆணியை அடிக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“அண்ணை, அன்ரிக்குத் தெரியுமோ?”

விற்கும் பொறுப்பை எழுத்திலேயே தந்திருக்கிறார் என்று சொன்னேன். அவன் ஆணியை அடித்தான், இறங்கினான், தேத்தண்ணி வேண்டாம் என்றான், ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு யாரோ துரத்துவதுபோலப் போனான். வேலை அதிகமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பலகை விழுத்திய நிழலுக்குள் மூன்று கழுதைகள் வந்து நின்றன. அந்தப் பலகையால் அன்றைக்குப் பலனடைந்தவை அவை மட்டும்தான்.

புறோக்கர்

தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்காக என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஒரு கட்டிட விற்பனை நிறுவனத்தில் பல வருடங்கள் இருந்தேன். வீடு விற்பது என் வேலை இல்லை. வாடகைக்கு ஆள் இருக்கும் கட்டிடங்களை, அந்த வாடகை வருமானத்துக்காகவே வாங்குகிறவர்களுக்கு விற்பது. முதலீட்டு விற்பனை என்று பெயர். என் பெயர் அட்டையில் பதவியே இரண்டு வரிக்கு நீண்டது.

கட்டுக்கரைக் குளத்தின் கீழே வயல் செய்கிற என் அப்பாவுக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு தைப்பொங்கல் முழுக்கத் தேவைப்பட்டது. யாருடைய கட்டிடத்தையோ யாருக்கோ விற்க இவனுக்கு எதற்குச் சம்பளம் என்பது அவருடைய கேள்வி. கடைசியில், “நெல்லுக்காக இல்லாமல் குத்தகைக்காக வயல் வாங்கிற ஆள் இருந்தால், அவருக்கு வயல் காட்டிறவன்தான் நான்” என்றேன். அப்பா யோசித்தார்.

“காலிலை சேறு படாமல் வயல் வேணும் எண்டிறவன். அவனைக் கூட்டிக்கொண்டு திரியிறவன் நீ.”

அதைவிடச் சரியான வரைவிலக்கணத்தை நான் இதுவரை எந்தப் புத்தகத்திலும் வாசிக்கவில்லை.

மனைவி தயாளினிக்கு மன்னார் ஆஸ்பத்திரிக்கு மாற்றம் கிடைத்தபோதுதான் எல்லாம் தொடங்கியது. கல்யாணமான நாள் தொட்டு நாங்கள் இரண்டு ஊர்களில் இருந்தோம். எங்கள் குடும்ப வாழ்க்கையில் பாதி, கொழும்பு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் நடந்தது. இனிப் போதும் என்று நானும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். மன்னார்த் தீவில் புதுக் கட்டிடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். காற்றாலைகள் சுற்றத் தொடங்கியிருந்தன. விடுதி போட இடம் தேடித் தலைமன்னார் வரை ஆட்கள் வந்துபோனார்கள். கட்டிடங்கள் இருக்கிற இடத்தில் வாங்குகிறவர்களும் இருப்பார்கள் என்று நம்பினேன்.

என் பழைய மேலாளர் நம்பவில்லை. நல்ல மனிதர். “நத்தார் மட்டும் உன்ரை கதிரையிலை ஒருத்தரையும் இருத்த மாட்டன்” என்று சொல்லி அனுப்பினார். தயாளினியும் நானும் அந்தத் தவணையை ஏற்றுக்கொண்டோம். டிசம்பரில் நத்தார் வருவதற்குள் ஒரு கட்டிடமாவது என் கையால் கைமாற வேண்டும். இல்லாவிட்டால் நான் அந்தக் கதிரைக்குத் திரும்புவது, அவள் இங்கே இருப்பது, மறுபடியும் பஸ்.

ஊரில் என் இரண்டு வரிப் பதவியை ஒரே சொல்லாக்கிவிட்டார்கள். காணி புறோக்கர்.

ஐஸ் மீனுக்கு

அந்தப் புறோக்கரை நம்பிக் கட்டிடத்தைத் தந்த முதல் ஆள் ஜெசிந்தா அன்ரி. தலைமன்னாரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். அவரும் கணவரும் மன்னார்ப் பட்டினத்தில் ஐஸ் தொழிற்சாலை நடத்தினார்கள். விடியற்காலையில் அவர்களுடைய லொறி ஐஸ் கட்டிகளோடு கரைகளுக்குப் போகும். சண்டைக் காலத்தில் நின்று நின்று ஓடிய அந்தத் தொழில் பிறகு ஒருநாள் நின்றே போனது. தீவுக்குப் பாலம் புதிதாகத் திறந்த காலத்தில், லொறி நின்ற வளவில் இரண்டு பேருமாகச் சேர்ந்து மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றைக் கட்டினார்கள். கீழே ஒரு வங்கிக் கிளையும் ஒரு பாமசியும். மேலே ரியூசன் வகுப்புகள். உச்சி மாடி வெறுமை. கட்டி முடித்துச் சில வருடங்களில் கணவர் இறந்துபோனார்.

வாழ்நாள் முழுக்க ஐஸ் விற்ற அன்ரியின் வீட்டில் குளிராக எதுவும் குடிக்கக் கிடைக்காது. எந்த வெயிலுக்கும் கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணிதான். முதல்நாள் நான் வேர்த்து விறுவிறுத்துப் போய்க் குளிர் தண்ணி கேட்டேன்.

“ஐஸ் மீனுக்குத் தம்பி. மனிசருக்கில்லை.”

ஏன் விற்கிறார் என்று கேட்டேன். விற்பவர் ஏன் விற்கிறார் என்பதை எழுதிக்கொள்ளாமல் எந்தக் கட்டிடத்தையும் தொடக் கூடாது என்பது கொழும்பில் நான் படித்த முதல் பாடம். தண்ணீர் மோட்டருக்கும் கடைச் சட்டருக்கும் பின்னால் ஓடி அலுத்துப்போச்சுது என்றார். தலைமன்னாரில் கடல் தெரிய ஒரு சின்ன வீடு கட்ட வேண்டும், மிச்சத்தை வெளிநாட்டில் இருக்கிற இரண்டு மகள்மாருக்கும் பங்கு பிரிக்க வேண்டும்.

“இப்பவே ஏன் அன்ரி பங்கு?”

“நான் இருக்கேக்கை பிரிச்சால் ரெண்டு பேரும் என்னோடை கோவிப்பினம். செத்தாப் பிறகு எண்டால் தங்களுக்குள்ளை கோவிப்பினம். என்னோடை கோவிக்கட்டும். எனக்குப் பழக்கம்.”

அடுத்த வாரம் மடு மாதா திருவிழாவுக்குப் போகும்போது, விற்கும் பொறுப்பை எனக்கு மட்டும் எழுதித் தந்து, செய்யிறதைச் செய்யுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். நான் செய்தேன். பலகையைவிட மலிவான விற்பனையாள் இல்லை என்பது கொழும்பில் நான் படித்த இரண்டாவது பாடம்.

ஆர் செத்தது?

திருவிழா முடிந்து அன்ரி முச்சக்கர வண்டியில் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது விறாந்தை நிறைய ஆட்கள். அயல் வீடுகளிலிருந்து கதிரைகள் வந்திருந்தன. பெண்கள் தலையைக் குனிந்து மெல்லிய குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பேக்கரிப் பாண் கொண்டுவந்திருந்தார், ஒருவர் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒருவர் அவித்த கிழங்கு. சாவீட்டில் உலை வைக்கக் கூடாது என்று அயலார் கொண்டுவருகிற அதே சாமான்கள்.

அன்ரி வாசலிலேயே நின்று கேட்டாராம்:

“ஆர் செத்தது?”

ஒருவரும் சாகவில்லை. பட்டினத்தில் அதுவரை யாரும் சொந்தக் கட்டிடத்துக்கு ‘விற்பனைக்கு’ என்று பலகை போட்டதில்லை. அந்தச் சொல் எழுதிய பலகையை ஊர் கண்டதெல்லாம், கடன் கட்டாத சொத்தை ஏலம் போடும்போதுதான். ஆகவே அன்ரி கடனில் முறிந்துவிட்டார் என்று ஊர் முடிவு செய்திருந்தது. துக்கம் விசாரிக்க வந்திருந்தார்கள். மகள்மாருக்கும் செய்தி எட்டி, நோர்வேயிலிருந்து ஒருத்தியும் மெல்பேணிலிருந்து மற்றவளும் தொலைபேசியில் அழுதுகொண்டிருந்தார்கள். பாமசிக்காரர் தன் மருந்து அலுமாரிகளை எங்கே தூக்கிக்கொண்டு போவது என்று இடம் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

அன்ரி பயணப் பையை இறக்கவில்லை. அதே முச்சக்கர வண்டியில் ஏறி என் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று தயாளினி உள்ளே போய்விட்டாள். அவர் சத்தம் போடவில்லை.

“தம்பி, எனக்கு இண்டைக்கு இருபது பேர் பாண் தந்தவை. நான் அவ்வளவு பாண் தின்ன மாட்டன். பலகையைக் கழட்டுங்கோ.”

அந்தப் பின்னேரமே கழற்றினேன். ஏணி கொண்டுவந்த அன்ரன் இந்த முறை தேத்தண்ணி குடித்தான்.

குடுக்கிற எண்ணம்

இந்த மண்ணிலே பிறந்து வளராதவன் செய்கிற பிழை இல்லை அது. பிறந்து வளர்ந்து, வெளியே போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வந்தவன் செய்கிற பிழை. எங்கள் பக்கத்தில் காணி விற்பதென்றால் எப்படி என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். முதலில், விற்பது என்ற சொல்லே வாயில் வராது. ‘குடுக்கிறது’ என்பார்கள். வாங்குவது ‘எடுக்கிறது’. பூசை முடிந்து வெளியே வருகிறபோது ஒருவர் இன்னொருவரிடம், “அவையளுக்குக் குடுக்கிற எண்ணம் இருக்காம்” என்று செருப்பைப் போட்டுக்கொண்டே சொல்வார். சொன்னவர் யார் என்று பிறகு ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. அந்தச் சொல் ஒரு பள்ளிவாசல் வாசலையும் இரண்டு தேத்தண்ணிக் கடைகளையும் கடந்து, எடுக்க வேண்டியவரின் காதுக்குத் தானாகப் போய்ச் சேரும். உறுதிப் பத்திரம் எழுதி முடிந்த பிறகுதான் ஊருக்கு விசயமே தெரியும்.

அப்பாவுக்கும் பலகைக் கதை எட்டியிருந்தது. அடுத்த ஞாயிறு நான் போனபோது, வயல் கரையில் நின்றபடியே, தன் காணிக்குள் ஆணியோடும் சுத்தியலோடும் கால் வைக்க எனக்குத் தடை என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தடை இன்னும் நீக்கப்படவில்லை.

ஆனால் பலகை கழன்றாலும் செய்தி கழலவில்லை. அது கொழும்புக்குப் போயிருந்தது.

புறக்கோட்டையிலிருந்து ஓர் அழைப்பு

நஸீர் இந்தத் தீவின் தாராபுரத்தில் பிறந்தவர். அவருடைய வாப்பாதான் அன்ரியின் ஐஸ் லொறியை ஓட்டியவர். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அந்தக் குடும்பமும் மற்றவர்களோடு ஊரை விட்டுப் போனது. புத்தளத்தில் பல காலம். பிறகு நஸீர் கொழும்பில் இரும்புச் சாமான் வியாபாரத்தில் வளர்ந்தார். வாப்பா மட்டும் சண்டை முடிந்ததும் தாராபுரத்துக்கே திரும்பி வந்து, பழைய வீட்டைத் திருத்திக்கொண்டு இருந்துவிட்டுக் காலமானார். இன்றைக்கு நஸீர் புறக்கோட்டையில் ஆணி, கம்பி, பூட்டு எல்லாம் மொத்தமாக விற்கிறார். அவரிடம் விலை குறைக்க முடிந்தவர்களும் இல்லை, அவருக்கு விலை கூட்ட முடிந்தவர்களும் இல்லை என்று கொழும்பில் நானே கேள்விப்பட்டிருக்கிறேன்.

அவர் என்னை அழைத்தார். ஜெசிந்தா அக்காவுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டார். கஷ்டம் ஒன்றுமில்லை என்றேன். அவர் நம்பவில்லை. கஷ்டத்தில் இருக்கிறவர்களின் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்திருப்பார்.

“சரி, என்ன வில சொல்றாங்க?”

சொன்னேன்.

“நான் எடுக்கிறேன். எழுதச் சொல்லுங்க.”

தொலைபேசியை வைத்த பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. முழு விலை. வாடகை விபரம்கூடக் கேட்கவில்லை. தயாளினி அன்று பாயாசம் வைத்தாள். கொழும்புக் கதிரையில் யாராவது இருக்கட்டும் என்று மேலாளருக்கு எழுத வேண்டிய கடிதத்தின் முதல் வரியைக்கூட மனதில் எழுதிவிட்டேன்.

அப்ப குடுக்கேலாது

பாயாசத்தில் ஒரு கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு அன்ரியிடம் போனேன். அவர் மீதிப் பாணைக் கோழிகளுக்குப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். நஸீர் என்றதும் முகம் மலர்ந்தது. இன்னாரின் மகன், இன்ன நிறத்தில் லொறி, லொறியின் முன் சீற்றில் இருந்து ஹோர்ண் அடிப்பான் என்றெல்லாம் சொன்னார். பிறகு கேட்டார்:

“எவ்வளவுக்குக் கேட்டவன்?”

“கேக்கேல்லை அன்ரி. சொன்ன விலைக்கே எடுக்கிறாராம்.”

அவருடைய கை பாணோடு அப்படியே நின்றது.

“குறைக்கச் சொல்லேல்லையோ?”

“இல்லை.”

“ஒரு சதமும்?”

“இல்லை அன்ரி.”

“அப்ப குடுக்கேலாது.”

நான் ஏதோ பிழையாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அன்ரி கைகளைத் தட்டித் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“பேரம் பேசாமல் எடுக்கிறவன் கட்டிடத்தை எடுக்கேல்லைத் தம்பி. என்னைத் தூக்கிக்கொண்டு போறான். எனக்குக் கால் இருக்கு.”

விலை சொல்லும்போதே, குறைப்பதற்காக ஒரு துண்டு கூட்டித்தான் சொன்னாராம். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், எடுக்கிறவரும் அப்படித்தான் குறைப்பார். அந்தத் துண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அதற்குப் பெயர் விலை இல்லை, தருமம். நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? லொறிக்காரரின் மகன் முதலாளியம்மாவைக் காப்பாற்றினான் என்று சொல்லும். பாண் மறுபடியும் வரும். தான் ஒரு நல்ல கட்டிடம் கட்டி நல்ல விலைக்குக் கொடுத்தவள் என்று சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

“அவன் வந்து, இருந்து, என்ரை கட்டிடத்திலை பிழை சொல்லி, என்னோடை அடிபட்டு எடுக்கட்டும். இல்லாட்டி வேண்டாம். வேறை ஆள் பாருங்கோ.”

வேறு ஆள் இல்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நத்தாருக்கு மாதங்களை எண்ணத் தொடங்கியிருந்தேன். பாயாசக் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

விலை குறைக்கச் சொல்லி ஒரு மன்றாட்டு

என் தொழில் வாழ்க்கையில் விற்பவரின் பக்கம் நின்றுகொண்டு, வாங்குகிறவரிடம் தயவுசெய்து விலையைக் குறைத்துக் கேளுங்கள் என்று கெஞ்சியது அந்த ஒரு தடவைதான். விலை குறைந்தால் என் தரகும் குறையும். அன்ரியின் அனுமதியோடுதான் செய்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

நஸீர் மறுத்துவிட்டார். அக்காவிடம் காசு குறைக்கச் சொல்லித் தன்னைக் கேட்பதே பாவம் என்றார். அடுத்த நாளும் அழைத்தேன். மறுத்தார். மூன்றாவது தடவை கதை பேசாமல், கொழும்பில் செய்கிற மாதிரி ஒரு முதலீட்டு அறிக்கை தயாரித்து அனுப்பினேன். வங்கியின் குத்தகை எப்போது முடிகிறது, பாமசி என்ன தருகிறது, ரியூசன்காரர் எந்த மாதங்களில் பிந்துகிறார், உப்புக் காற்றில் பல்கணிக் கம்பி எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது. எல்லாம் எழுதினேன், படமும் வைத்தேன். பிறகு அழைத்தேன்.

“நஸீர் நானா, ஒரு கொம்பனி வந்து உங்களுக்கு ஆயிரம் பெட்டி ஆணி தாறன் எண்டால், சொன்ன விலைக்கே எடுப்பீங்களோ?”

“நான் என்ன விசரா?”

“அப்ப இதுக்கு மட்டும் ஏன் விசர்வேலை பாக்கிறீங்கள்? இது நல்ல கட்டிடம். இதிலை காசு வரும். அன்ரி உங்களிட்டை உதவி கேக்கேல்லை. சாமான் காட்டிறா. சாமானைப் பாருங்கோ.”

பின்னால் யாரோ கம்பிச் சுருளை உருட்டும் ஒலி கேட்டது.

“சனிக்கிழமை வாறேன்” என்றார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அன்ரி என்னை அழைத்து நஸீரின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டார். வீட்டுக்கு வழி சொல்லவாம். கொடுத்தேன்.

சனிக்கிழமை

நஸீர் முதலில் கட்டிடத்தைச் சுற்றிப் பார்த்தார். நான் கூடவே நின்றேன். பாமசியில் கணக்குப் பார்க்கிற பெண்ணின் ஸ்ரூல் ஆடிக்கொண்டே இருக்கும். அதன் ஒரு காலுக்குக் கீழே பல வாரங்களுக்கு முன்பு நானே மருந்துப் பெட்டி அட்டையை மடித்து வைத்திருந்தேன். நஸீர் அந்த ஸ்ரூலை ஒருமுறை கையால் ஆட்டிப் பார்த்தார். அங்கிருந்து அன்ரி வீட்டுக்குப் போனோம்.

அன்ரி ஞாயிற்றுக்கிழமைச் சேலை உடுத்திருந்தார். நஸீர் கொண்டுவந்த மஸ்கெற் இனிப்புப் பெட்டியை வாங்கி, திறக்காமலே மேசையில் வைத்தார். கதை முடியட்டும் என்றார். கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி வந்தது. காலமான வாப்பாவைப் பற்றிக் கதைத்தார்கள், உம்மாவின் சீனி வருத்தத்தைப் பற்றி விசாரித்தார்கள்.

“அக்கா, நீங்க சொன்ன வில சரிதான்” என்றார் நஸீர்.

அன்ரி எழும்பிக் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினார். நான் இருமினேன். நஸீர் என்னைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார்.

“வில கொஞ்சம்... கூடத்தான்.”

“எவ்வளவு கூட?”

“கொஞ்சம்.”

“கொஞ்சம் எண்டு புறக்கோட்டையிலை ஒரு நிறை இருக்கோ?”

புறக்கோட்டையையே நடுங்க வைக்கிறவர் என்று நான் கேள்விப்பட்ட மனிதர், கேட்ட கேள்விக்கு விடை தெரியாத மாணவன்போல இருந்தார். முடிந்தது என்று நினைத்தேன். கொழும்பு பஸ்ஸின் ஜன்னல் கண்ணுக்குள் வந்தது.

அப்போது நஸீர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். குரல் மாறியது.

“அக்கா, வளவுக்க லொறி கழுவுற கிணறு ஒண்டு இருந்ததே. அது எங்க?”

என் பேனை நின்றது. உறுதியிலும் நில அளவைப் படத்திலும் கிணறு இல்லை. நான் ஒவ்வொரு கோட்டையும் பார்த்தவன்.

“கட்டிடத்துக்குக் கீழைதான்” என்றார் அன்ரி.

“பாமசிக்குக் கீழ.”

“ஓம்.”

“எதால மூடினீங்க?”

“மண்ணாலை.”

“மண் மட்டுமா? ஐஸ் உறைய வைக்கிற பழைய தகரப் பெட்டிகள உள்ள போட்டுத்தானே மேல மண் போட்டீங்க. தகரம் உக்கும் அக்கா. உக்கினா மண் இறங்கும். மண் இறங்கினா பாமசி இறங்கும். பாமசி இறங்கினா வாடக இறங்கும். அப்ப வில மட்டும் ஏன் மேல நிக்குது?”

அன்ரி உட்கார்ந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

“கிணறு மூடி எத்தினை வருசம். ஒரு மாபிள் வெடிச்சதோ?”

“ஸ்ரூல் ஆடுதே. புறோக்கர் தம்பி அட்ட மடிச்சு வச்சிருக்கிறார், பார்த்தேன்.”

அன்ரி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். ஸ்ரூலின் ஒரு கால் கட்டை என்றல்லவா நான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். கிணற்றை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று பிறகு கேட்டபோது, “நீங்கள் கேக்கேல்லை” என்றார்.

அதற்குப் பிறகு நான் அங்கே தேவைப்படவில்லை. இரண்டு பேரும் விலைக்காக வாயால் அடிபட்டார்கள். நஸீர் பல்கணிக் கம்பியைச் சொன்னார், அன்ரி வங்கிக் குத்தகையைச் சொன்னார். அவர் ரியூசன்காரரைச் சொன்னார், இவர் உச்சி மாடியில் நின்றால் தெரிகிற கடலைச் சொன்னார். கடலுக்கு வாடகை வராது என்றார் நஸீர். வந்தால் உனக்கு இந்த விலைக்குத் தருவனோ என்றார் அன்ரி. மறுபடியும் தேத்தண்ணி வந்தது. நஸீர் ஒருமுறை எழும்பி வாசல் வரை போனார். அன்ரி கூப்பிடவில்லை. அவரே செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார். விலை ஒரு படி இறங்கியது, அரைப் படி ஏறியது, மறுபடி இறங்கி நின்றது. எங்கே நின்றது என்பதை எழுதப் போவதில்லை. இரண்டு பக்கமும் நலமாக இருக்கிறார்கள், வரி இலாகாவும் நலமாக இருக்கிறது.

“உன்ரை வாப்பா லொறிக்கு ரயர் எடுக்கேக்கையும் இப்பிடித்தான்” என்றார் அன்ரி. “கடைக்காரன் அழுவான். நீ அவரை விட மோசம்.”

நஸீர் கடைசியாக ஒன்று கேட்டார். பேசிய விலைக்கு மேலதிகமாக அந்தப் பலகையும் தனக்கு வேண்டும். அதற்குத் தனி விலை என்றார் அன்ரி. பிறகு மஸ்கெற் பெட்டியைத் திறந்தார்.

மேல் மாடியிலிருந்து

நத்தாருக்கு முன்பே, பத்திரம் எழுதுகிற நொத்தாரிசின் கந்தோரில் உறுதி எழுதியாயிற்று. மேலாளருக்குக் கடிதம் போட்டேன். அவர் மறுமொழியில் வாழ்த்துக்குக் கீழே, பலகை வைத்தாயா என்று கேட்டிருந்தார். வைத்தேன், ஒரு பின்னேரம் கழற்றினேன், விற்றது என்று எழுதினேன். அவருக்கு விளங்கியிருக்காது.

அதன் பிறகு இந்தத் தீவிலும் மறுகரையிலும் பல கட்டிடங்களைக் கொடுத்திருக்கிறேன், பலருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒன்றுக்கும் பலகை வைத்ததில்லை. முதலீட்டு அறிக்கையை மட்டும் விடவில்லை. அதில் ‘பேரம் பேசக்கூடிய பிழைகள்’ என்று ஒரு பக்கம் சேர்த்திருக்கிறேன். விற்பவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், பிறகு தாங்களே இரண்டு பிழை கூடச் சொல்வார்கள். கொழும்பில் யாரும் இதைச் செய்வதாக நான் அறியேன்.

பலகை இப்போது தாராபுரத்தில் நஸீரின் மச்சான் வீட்டு ஆட்டுக் கொட்டிலுக்குக் கூரை. எழுத்து உள்பக்கம். ஆடுகள் மல்லாந்து படுப்பதில்லை என்பதால் அவை அதை வாசித்திருக்க வாய்ப்பில்லை. அன்ரி தலைமன்னாரில் கடல் தெரிகிற வீட்டில் இருக்கிறார். மகள்மார் இரண்டு பேரும் அவரோடு கோவித்து, பிறகு சமாதானமாகி, இப்போது வருடா வருடம் வருகிறார்கள். என் கந்தோர் அதே கட்டிடத்தின் உச்சி மாடியில். வாடகை நஸீருக்கு. முதல்நாளே பேரம் பேசித்தான் எடுத்தேன்.

நஸீர் ஒரு பொறியியலாளரைக் கூட்டி வந்து பாமசித் தளத்தை உடைத்துப் பார்த்தார். கிணறு இருந்தது. உள்ளே தகரப் பெட்டிகளும் இருந்தன, பாதி உக்கி. கொங்கிரீட் போட்டு மூடினார்கள். ஸ்ரூல் இப்போது ஆடுவதில்லை.

ஒன்று மட்டும் மிச்சம். வளவில் கிணறு இருந்தது நஸீருக்குத் தெரிந்திருக்கும், சின்ன வயதில் கண்டிருப்பார். ஆனால் அதைத் தகரப் பெட்டி போட்டு மூடியது கட்டிடம் கட்டிய காலத்தில். அப்போது அவர் ஊரில் இல்லை. வாப்பா சொன்னார் என்கிறார் நஸீர். வாப்பா அந்த நாட்களில் தாராபுரத்தில் இருந்தார், கட்டிட வேலையைப் பார்க்க வந்திருக்கலாம். அவரைக் கேட்க இனி வழியில்லை. கிணறு மூடிய மேசனைத் தேடினேன். அவர் கட்டாரில் என்கிறார்கள், இலக்கம் கிடைக்கவில்லை. அன்ரியிடம் நேராகவே கேட்டேன், நீங்களா சொல்லிக் கொடுத்தது என்று. கொதிக்கிற தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டு, குடியுங்கோ தம்பி, ஆறப் போகுது என்றார்.

என்னிடம் இருப்பது வெள்ளிக்கிழமைக் குறிப்பு ஒன்றுதான்: “பின்னேரம். ஜெ. அன்ரி ந.வின் இலக்கம் கேட்டா. வீட்டுக்கு வழி சொல்ல.” நஸீர் லொறியின் முன் சீற்றில் இருந்து ஹோர்ண் அடித்துக்கொண்டு ஆயிரம் தடவை வந்துபோன வீடு அது. இருந்தாலும் ஊகத்தை நான் உண்மை என்று எழுதுவதில்லை. கிணற்றுக்குள் தகரம் இருந்ததை நஸீருக்குச் சொன்னது யார் என்பது, இந்த அத்தியாயம் அச்சுக்குப் போகும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.